கப்பலிலிருந்து வந்த சம்மதம்

என் கடைக் கணினி படுத்ததால், திருத்தக் கொடுத்த இடத்தில் அதை முழுக்க அழித்துப் புதிதாய்ப் போட்டார்கள். பாட்டுப் போடும் மென்பொருளும் பழைய தமிழ் எழுத்துருக்களும் அதோடு போய்விட்டன. போனது அப்போது எனக்குத் தெரியாது. போட்டோக்கொப்பி, பிரிண்ட் எடுக்கும் கொமினிகேஷன் கடை என்பது அப்படித்தான். கோப்பு திறக்காவிட்டால் வந்தவன் கடைக்காரனைச் சந்தேகிப்பான், கடைக்காரன் வந்தவனைச் சந்தேகிப்பான். கல்முனையில் கடை போட்டு நொந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எழுத்து

காலையில் றஹீமா வந்தாள். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மகளுக்கு நிக்காஹ். புருசன் கப்பலில் சமையல்காரன். கரைக்கு வந்தால்தான் போன் எடுபடும். பெண்ணின் வாப்பா வர முடியாவிட்டால், தன் இடத்தில் நிற்க ஒருவரை வக்கீலாக எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதத்தையும், வாயால் சொன்ன ஒரு ஒலிப்பதிவையும் கடைசியாகக் கரை தொட்டபோது அனுப்பியிருந்தான். அவள் போனில் இரண்டும் திறக்கவில்லை.

மாப்பிள்ளையின் சாச்சாவும், அதாவது வாப்பாவின் தம்பியும், கூட வந்திருந்தார். துணைக்காம். எனக்குக் காவலுக்கு வந்த மாதிரித்தான் தெரிந்தது. கடிதத்தைத் திறந்தேன். "vd; kfs;" என்று பக்கம் முழுக்க இங்கிலீசெழுத்தும் புள்ளியும். சாச்சா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு றஹீமாவைக் கேட்டார்.

"மனசார விருப்பமெண்டா மனிசன் இப்படியா மச்சி எழுதுவாரு?"

ஓசி

ஒலிப்பதிவை அமத்தினேன். இதற்கு வேறு மென்பொருள் வேண்டும் என்றது கணினி. தேடினேன். எல்லாம் இலவசம் என்றது ஒரு பக்கம். சும்மா தருகிறவனை நான் நம்புவதில்லை. ஆனாலும் றஹீமாவின் முகத்தைப் பார்த்து அமத்தினேன். ஒன்று கேட்டதற்கு நாலு வந்து இறங்கின. திரையில் ஒருத்தி உடம்பு மெலிய மருந்து விற்றாள். மூட மூடத் திரும்ப வந்தாள். ஒலிப்பதிவு மட்டும் திறக்கவில்லை. என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பக்கத்துப் போன் கடை நிஸ்தார் எட்டிப் பார்த்தான்.

"காக்கா, வாப்பாட சம்மதத்தக் கேட்டா, நீங்க ஆரையோ பொண்ணு பார்க்கிறீங்க."

வால்

கோப்புப் பெயரின் வாலில் ஏதோ மூன்றெழுத்து. அதுதான் வினை என்று பட்டது. அழித்துவிட்டு எம்.பி.த்ரீ என்று எழுதினேன். திறந்தது. எனக்கே பெருமை. கோடு நகர்ந்தது, நிமிடம் ஓடியது, சத்தம் மட்டும் இல்லை. ஸ்பீக்கரைத் தட்டினேன். வயரை இழுத்துக் குத்தினேன். இல்லை.

மத்தியான லுஹர் பாங்கு சொல்லிவிட்டது. "இண்டைக்கு நிண்டா மறுகா இந்தக் கலியாணம் நடக்காது காக்கா" என்றாள் றஹீமா, எனக்கு மட்டும் கேட்க. சாச்சாவுக்கு நல்ல காது.

"பேசாம இருந்தா சம்மதமெண்டு எடுக்கிறது பொண்ணுட விஷயத்திலதான். வாப்பா வாய் தொறக்கணும்."

விரல்

போட்டோக்கொப்பிக்கு ஒரு அம்மா காத்து நின்றா. ஊர் பெரியநீலாவணை, பெயர் யோகேஸ்வரி. திரையை எட்டிப் பார்த்துவிட்டு, கடகடவென்று வாசிக்கத் தொடங்கினா: "என் மகள் ஸம்ஹாவின் நிக்காஹ்வுக்கு என் தம்பி ஜலீலை வக்கீலாக நியமிக்கிறேன்..."

எல்லோரும் திரும்பி அவவைப் பார்த்தோம். "இருவது வருசம் கந்தோரில இந்த எழுத்துருவிலதான் தட்டினன். கண்ணுக்கு இங்கிலீசு, விரலுக்குத் தமிழ்" என்றா.

"இது முன்னமே கதைச்சி வெச்சதா மச்சி?" என்றார் சாச்சா. றஹீமா அந்த அம்மாவை அன்றுதான் பார்க்கிறாள்.

யோகேஸ்வரி கைப்பையிலிருந்து பென்ரைவை எடுத்தா. வெளிப் பென்ரைவ் போடக் கூடாது என்று என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். அதைக் காட்டினேன். வாசித்துவிட்டுக் குத்தினா. எழுத்துருவை ஏற்றினா, இங்கிலீசு தமிழாயிற்று. சாச்சா ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பார்த்தார். வாசித்ததில் ஒன்றும் பிசகவில்லை. பிறகு பாட்டுப் போடும் மென்பொருளை ஏற்றி, நான் வெட்டிய வாலைத் திரும்ப ஒட்டினா. கப்பல் இரைச்சலுக்கு நடுவே அவன் பிஸ்மி சொல்லித் தொடங்கினான். றஹீமா கதிரையில் இருந்துவிட்டாள். சாச்சா இரண்டு தரம் கேட்டார்.

"குரல் அவர்ர மாதிரித்தான் இரிக்கி. சரி, கடிதத்த அடிச்சித் தாங்க, நேரமாகுது."

ஆகவே கடைக்காரர்களே, ஓசியில் வருவதையும் மாப்பிள்ளை வீட்டாரையும் தாராளமாகச் சந்தேகியுங்கள், ஆனால் அன்று அந்த நிக்காஹ்வை நடக்க வைத்தது நான் பென்ரைவ் போடாதே என்று தடுத்த பெரியநீலாவணை யோகேஸ்வரி.