ட்ரான்சிக்கு அப்பாவும் வந்தார்

பள்ளிக்கூடப் பயணத்துக்கு அப்பாவும் வருகிறார் என்று கேட்டதுமே வசமாக மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பத்து வயதாகும்வரை அந்த மனுசன் என் பிரெஞ்சுப் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த, நாங்களும் குடியிருந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் சமையல் வேலை. வேலை இல்லாவிட்டால் நித்திரை. அப்படிப்பட்டவர் லீவு போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குத் துணையாக வரச் சம்மதம் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

எனக்கு வருவதற்குக் காரணமும் இருந்தது. பிள்ளை மாட்டிறைச்சி சாப்பிடாது என்று அம்மா பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். நானோ பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் தோழியோடு தட்டை மாற்றி, மாட்டிறைச்சி போடும் வியாழக்கிழமைகளில் மூன்று தரம் ஒரு கை பார்த்திருந்தேன். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற வீட்டில் இது தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள்.

அப்பாவின் கேள்விகளும் அதற்கேற்ற மாதிரித்தான் இருந்தன. பயணத்துக்குச் சம்மதம் கேட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிய கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “பேர் லிஸ்ட் ஆரிட்டை இருக்கும்?” என்று கேட்டார். ஆசிரியையிடம் என்றேன். “பேர் கூப்பிட்டோ பஸ்ஸிலை ஏத்துவினம்?” எனக்குத் தெரிந்த ஒரே லிஸ்ட், யார் என்ன சாப்பிடக்கூடாது என்று சாப்பாட்டுக்கூடச் சுவரில் ஒட்டியிருப்பதுதான். சரி, ஆசிரியையைப் பிடித்து விசாரிக்கத்தான் வருகிறார் என்று முடிவுகட்டினேன்.

பஸ்ஸில் அப்பா கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தார். வீட்டிலுள்ள விசா, பதிவுத் தாள் அத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். எங்கள் ஆட்கள் தபாற்கந்தோருக்குப் போனாலும் அப்படித்தானே போவார்கள். எனக்கோ அந்தப் பைக்குள் அம்மா எழுதிய கடிதத்தின் பிரதி இருக்குமோ என்று பயம்.

ட்ரான்சியில் எங்களை இறக்கிவிட்ட இடத்தில் மூன்று பக்கமும் நீண்ட மாடிக் கட்டடம். அதன் முன்னால் ஒரு பழைய சரக்கு ரயில் பெட்டி நின்றது. மேலே சில ஜன்னல்களில் உடுப்புக் காய்ந்தது. இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வழிகாட்டியாக வந்த பெண் குரலை உயர்த்தாமல் சொன்னார்: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யூதர்களைப் பிடித்து இங்கேதான் அடைத்தார்கள், உங்கள் வயதுப் பிள்ளைகளையும்தான். பட்டியலில் பெயர் வந்தவர்களைக் கூப்பிட்டு, பஸ்ஸில் ஏற்றி ஸ்டேசனுக்குக் கொண்டுபோய், இப்படியான பெட்டிகளில் கொலைமுகாம்களுக்கு அனுப்பினார்கள்.

அப்பா கையை உயர்த்தினார். எனக்கு மானம் போயிற்று. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா என்று தன்னுடைய குசினிப் பிரெஞ்சில் கேட்டார். வேலை செய்யத்தான் கொண்டுபோகிறார்கள் என்று நம்பியவர்களும் உண்டு என்றார் அந்தப் பெண்.

“ஓம், அப்பிடித்தான் சொல்லுவினம்,” என்று அப்பா தமிழில் முணுமுணுத்தார்.

நான் வழிகாட்டியைவிட அப்பாவையே கூடுதலாகக் கவனித்தேன். ஒருதரம் ஆசிரியைக்குப் பின்னால் போய் நின்று, அவர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். சரி, இண்டைக்கு நான் துலைஞ்சன் என்று நினைத்தேன்.

திரும்பும் நேரம் ஆசிரியை பஸ் கதவடியில் நின்று பேர் கூப்பிடத் தொடங்கினார். ஒவ்வொருவராக ஏறினார்கள். என் பேரும் வந்தது. “ப்ரெசான்”, இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இரண்டாந்தரமும் கூப்பிட்டார்கள். அப்பா விடவில்லை. வகுப்பே ஜன்னலால் எங்களைப் பார்த்தது. அவருடைய முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது, இனித் தப்ப வழியில்லை. வீட்டில் பிரெஞ்சிலேயே பதில் சொல்லிப் பழகிய நான் அன்றைக்குத் தமிழில் குழறினேன்.

“அப்பா, மூண்டு தரந்தான் மாட்டிறைச்சி சாப்பிட்டனான்! இனிச் சத்தியமாத் தொடமாட்டன்!”

அப்பா என்னைக் குனிந்து பார்த்தார். “மாட்டிறைச்சியோ?” என்று கேட்டார்.

“நீ என்னத்தையெண்டாலும் சாப்பிடு பிள்ளை,” என்றார். “பேர் கூப்பிட்டால் மட்டும் தனியப் போகாதை.”

மூன்றாந்தரம் என் பேர் வந்தபோது அப்பாதான் கையை உயர்த்தினார். இரண்டு பேரும் ஒன்றாக ஏறினோம்.

அப்பாவின் அண்ணையைப் பற்றி அம்மா சொன்னது நான் வளர்ந்த பிறகு. ஊரில் சண்டை நடந்து சனங்களெல்லாம் கோயிலில் அகதியாக இருந்தபோது, ஆமிக்காரர் லிஸ்டோடு வந்தார்களாம். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்களாம். பெரியப்பா தன் பேர் கேட்டதும் கையை உயர்த்திக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறினார். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். அந்த பஸ்ஸில் போன ஒருவரும் இன்றுவரை திரும்பவில்லை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? லா சப்பல் வந்து சேரும்வரை அப்பா என் மணிக்கட்டை விடவேயில்லை. கை நோகுது என்று சிணுங்கினேனே தவிர, உள்ளுக்குள் சந்தோசத்தில் ஒரே புளுகம். அடியும் விழவில்லை, வியாழக்கிழமைக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. நல்லகாலம், தப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவர் தோளில் சாய்ந்து நித்திரையாகிப் போனேன்.