பொமாய் பெரியப்பா நகர்த்திய எல்லைச்செடி

நியூ கினி மலையில் எங்கள் ஊர் ரக்பி லீக் மைதானம் முதலில் நீளம் போதாமல்தான் இருந்தது. அதற்கு நிலம் தந்தவரும் பிறகு நீட்டியவரும் என் பெரியப்பா பொமாய். பக்கத்துச் சர்க்கரைவள்ளித் தோட்டம் அவர் மச்சான் கெரங்காவுடையது. நடுவே எல்லையாகச் சிவப்பிலைச் செடி நின்றது. அதன்மேல் எங்களில் யாரும் கைவைக்க மாட்டோம். ஒரு விடியற்காலை பெரியப்பா அதைப் பிடுங்கித் தோட்டத்துக்குள் தள்ளி நட்டுவிட்டார்.

கெரங்கா செடியை நம்பினார், தன் நினைவை நம்பவில்லை.

"எனக்குத்தான் மூளை மழுங்கிப்போச்சு மச்சான்" என்று சிரித்தார்.

அந்தக் கோடியில் எங்கள் ஆட்கள் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுக்கும்போதெல்லாம் ஊரே எழுந்து கத்தும். பெரியப்பா மட்டும் உட்கார்ந்திருப்பார்.

"என்ன மச்சான், எதிரணிக்காரன் உனக்குப் பன்னி வெட்டி விருந்து போட்டு வளைச்சுட்டானா?" என்பார் கெரங்கா.

போன மாதம் புது மேடை திறந்தார்கள். ஊரின் முதல் பட்டதாரி என்பதால் மைதான வரலாற்றை நான்தான் வாசித்தேன். "நிலம் தந்த பொமாய்" என்றதும் பெரியப்பா எழுந்தார். வேலியோரச் சிவப்பிலையில் ஒரு கிளையை ஒடித்து, மைதானத்துக்குள் போய், கோல் கம்பத்துக்கு முன்னால் நட்டார்.

கெரங்கா ஓடினார். "ஆட்டம் ஆரம்பிக்கப்போகுது, என்ன மச்சான் பண்றே?"

"உன் எல்லை இங்கதான் இருந்துச்சு. நான்தான் தள்ளி நட்டேன்."

கெரங்கா செடியையே பார்த்தார்.

"அப்ப என் மூளை நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். சிரிக்கவில்லை.