தொட்டியின் மூலை

ஏழாம் வகுப்பில் எனக்குக் கணக்கு வந்தது. அதற்கு முன் வரவில்லை, பின்னாலும் அவ்வளவாக வரவில்லை. வந்த அந்த ஒரு வருஷத்தில் என்னால் ஆனதை எங்கள் வீட்டுக்குச் செய்துவிட்டேன்.

கணக்கு டீச்சர் இரண்டு சாக்பீஸ் பெட்டிகளை ‘ட’ வடிவில் ஒட்டி மேஜைமேல் வைத்தார். இதன் கன அளவு என்ன என்றார். விழித்தோம். “வெட்டிப் பாருங்க, ரெண்டு பெட்டியாயிடும். தனித்தனியாப் பெருக்கிக் கூட்டுங்க” என்றவர், இதே மாதிரி ஒன்றை அவரவர் வீட்டில் தேடி அளந்து வரச் சொன்னார்.

எங்கள் வீட்டில் தேடவே வேண்டாம். முற்றத்துத் தண்ணீர்த் தொட்டி அச்சு அசல் ‘ட’. ஒரு கை எங்கள் சமையலறைப் பக்கம், மறு கை சித்தப்பாவின் சமையலறைப் பக்கம். இரண்டும் கூடும் மூலையில் முனிசிபாலிட்டி குழாய். அந்த வாரம் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கார்த்திகை தீபத்துக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்குவதற்குள் முற்றத்திலும் தொட்டியிலும் சுவர் எழும்பிவிட வேண்டும். அறைகள், அண்டாக்கள், முருங்கை மரம் எல்லாம் பேசித் தீர்ந்தாயிற்று. குழாய் மூலை மட்டும் தீரவில்லை.

கொத்தனாரின் டேப்பை வாங்கி அளந்தேன். இரண்டு கையும் ஆறடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி ஆழம். முப்பத்தாறும் முப்பத்தாறும் எழுபத்திரண்டு கன அடி என்று எழுதிப் போனேன். டீச்சர் விடையை அடித்துவிட்டார்.

“மூலையை ரெண்டு தடவை எண்ணிட்டியேடி. அது ஒரு பெட்டிக்குத்தான் போகும். இன்னொண்ணு நாலடிதான்.”

அப்படியானால் முப்பத்தாறும் இருபத்துநாலும் அறுபது. மூலையை எந்தப் பெட்டியோடு சேர்த்தாலும் அறுபதேதான்! எனக்குப் புல்லரித்துப் போனது. வீட்டுக்கு ஓடினேன்.

அப்பாவும் சித்தப்பாவும் தொட்டியருகே நின்று, முகம் பார்க்காமல், கொத்தனாரிடம் சொல்வதுபோல ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். நான் சாக்பீஸால் தொட்டி விளிம்பில், மூலைக்கு எங்கள் பக்கம் ஒன்று, சித்தப்பா பக்கம் ஒன்று என்று இரண்டு கோடு போட்டேன். “ரெண்டு பேரும் மூலையை எண்ணக் கூடாதுப்பா, ஒருத்தர்தான் எண்ணணும். எந்தக் கோட்டுல வெட்டினாலும் அறுபதுதான், டீச்சரே சொன்னாங்க.”

சித்தப்பா சிரித்துவிட்டார். “கொழந்தையே சொல்லிடுச்சு, கொத்தனாரே. எங்க வெட்டினாலும் ஒண்ணுதானாம். அவங்க பக்கத்துக் கோட்டுலயே வெட்டிடுங்க.”

அப்பா கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி, கட்டுங்க” என்றார்.

“அந்தப் பக்கமும் தண்ணி போக சுவத்துல கீழ ஒரு ஓட்டை விடட்டுங்களா?” என்று கொத்தனார் கேட்டார்.

“வேணாம்” என்றார்கள் இருவரும். அந்த வாரம் அவர்கள் ஒரே குரலில் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

தொட்டியில் சுவர் எழும்பியது; திருத்திய கணக்குக்கு எனக்குப் பத்துக்குப் பத்து. நோட்டைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். தெருமுனைப் பம்பில் அடித்த தண்ணீரை அம்மா குடம் குடமாகக் கொண்டுவந்து எங்கள் பக்கத்துத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அது ஏழாவது குடமோ எட்டாவதோ. குடத்தை இறக்கிவிட்டு நோட்டை வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல நம்மளது எவ்ளோடி?”

“இருபத்துநாலு. ஆனா மொத்தம் அறுபதும்மா!”

அம்மா ஈரக்கையால் நோட்டை மூடினாள். அவளுக்குக் கணக்கு வரவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. நோட்டைத் திரும்பத் திறந்து, இன்னொரு தடவை மெதுவாகக் கூட்டிக் காட்டினேன்.