புறம்பான இருளில் ஒரு பெயர்

நவம்பர் 2, பிற்பகல் 4.10. இராமநாதபுரத்தில் பேருந்து ஏறினேன். தங்கச்சிமடம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். என் நண்பர் ஆரோக்கியத்தின் மனைவி ரீத்தம்மாள் அழைத்திருந்தார். ஆடியில் நாட்டுப்படகோடு போன ஆரோக்கியம் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளான இன்று மற்றவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு குழி இருக்கிறது. ரீத்தம்மாளுக்கு, பூசையில் சாமியார் வாசிக்கப்போகும் பெயர் மட்டுமே.

மாலை 6.20. கல்லறைத் தோட்டத்துக்கு ஆட்டோ, நாற்பது ரூபாய். வாசலிலேயே கண் கூசியது. ஆட்டோக்காரரைக் கேட்டேன்.

"என்னப்பா, இம்புட்டு வெளிச்சம்?"

"விசைப்படகு மொதலாளியோட லைட்டுண்ணே. ராத்திரி கடலுக்குள்ள மீனக் கூட்டுறது இதான். இன்னைக்குச் செத்தவங்களக் கூட்டுது."

"இதுக்குத் தடை உண்டே?"

"கடலுக்குள்ளதான தடை? கரையில புண்ணியம்ல!"

சிரிக்க முடியவில்லை. இந்த விளக்குகள் மீனையெல்லாம் ஒரே வலைக்கு இழுத்துவிடும். கரையோரம் ஒன்றும் கிடைக்காமல்தான் ஆரோக்கியம் சிறு படகில் தொலைவுக்குப் போனார்.

6.45. வெளியூரிலிருந்து வந்த சாமியார் பிரசங்கம் செய்தார். தீர்ப்பு நாளில் மறைவான செயல்கள் எல்லாம் வெளிச்சத்துக்கு வருமாம். ஞாயிறு பூசையை விட்டு இருட்டில் கடலுக்குப் போகிறவர்களை வேதம் சொல்லும் புறம்பான இருள் விழுங்குமாம். விளக்குகள் தந்த முதலாளி ஒளியின் பிள்ளையாம். முன்வரிசையில் முதலாளி கைகூப்பினார். வெளிச்சத்துக்கு வர வேண்டிய செயல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

பெயர்களை வாசிக்கத் தொடங்கியதும் ரீத்தம்மாள் எழுந்தார்.

"சாமி, இந்த லைட்ட அமத்திட்டு எங்க வீட்டுக்காரரு பேர வாசிங்க."

முதலாளி திரும்பினார். "ஏத்தா, இருட்டுல சாமி எப்படி வாசிப்பாரு?"

"ஒத்தப் பேரு. அதச் சொல்ல ஒங்க லைட்டு வேணுமாக்கும்?"

"உக்காரும்மா" என்றார் சாமியார். ஆரோக்கியத்தின் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார். ஒரு பெயரைக் கேட்க வந்தவருக்கு அதுவும் இல்லை!

ரீத்தம்மாள் வெளியேறினார். பின்னாலேயே ஏழெட்டுப் பெண்கள் போனார்கள், நானும் போனேன். சுவருக்கு அப்பால் மழைச்சேறு, நல்ல இருட்டு. பெண்கள் ஆரோக்கியத்தின் பெயரைச் சொல்லி, இறந்தவர்களுக்கான வழக்கமான செபத்தைத் தொடங்கினார்கள். முடிவில்லாத வெளிச்சம் அவர்மேல் விழட்டும் என்ற இடத்தில் ரீத்தம்மாள் கைகாட்டி நிறுத்தினார்.

"வெறும் வெளிச்சம்னு விட்றாதீங்கடி, மொதலாளி லைட்டும் வெளிச்சந்தான். விடியக்கால வெளிச்சம்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னார்கள்.