ஜவ்வாது மலைக்குக் கிளம்பிய கன்றுகள்

"இந்த ஊர் சூடு இனிமே இதுங்களுக்குத் தாங்காதுங்க. ஜவ்வாது மலைக்குக் கொண்டுபோய் நட்டாத்தான் பொழைக்கும்" என்றார் சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர். திருத்தணி வெயில் பொல்லாதது என்பதை எங்களுக்கே வந்து சொன்ன புண்ணியவான். சொல்லும்போதே அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவை ஆந்திர எல்லைக் குன்றுகளின் குங்கிலிய மரக் கன்றுகள். அவருக்காக எங்கள் கொல்லையில் அவற்றை முளைக்கவைத்தவள் என் சம்சாரம். ஈரச் சாக்குப் போட்டு, நிழலுக்கு நிழல் நகர்த்தி வளர்த்தாள். என்னை ஒரு நாளும் அப்படிக் கவனித்ததில்லை. போன கத்திரியில் பாதி கருகிப்போனபோது அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மிச்சமாவது குளிர்ந்த இடம் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஏற்றிப்போக வந்தது புது வேன். மலைமேல் பூஜை போடாமல் புது வண்டி எங்கள் ஊரைத் தாண்டாது. அன்றைக்குக் கிருத்திகை வேறு. கோயில் வாசலில் வண்டிக்குச் சந்தனம் வைத்த கையோடு, கன்றுகளுக்கும் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டார்கள்.

ஒரு பெரியம்மா இரண்டு கையையும் நீட்டினாள். "ஒண்ணு குடு நைனா."

ஆகா, மக்களிடம் விழிப்புணர்வு வந்துவிட்டது என்று நம் ஆராய்ச்சிக்காரருக்குப் பூரிப்பு. எடுத்துக் கொடுத்தார். பிரசாதம் தருகிறார்கள் என்று கூட்டம் பாய்ந்தது. "ஐயோ, பிரசாதம் இல்லீங்க!" என்று அவர் கத்தியபோது வேன் காலி. வாங்கிய பிரசாதத்தைத் திருப்பிக் கொடுக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? கன்றுகள் நகரி, அரக்கோணம், ஆர்.கே.பேட்டை என்று பார்த்துப் பார்த்து அடுப்பாய்க் கொதிக்கிற ஊர்களுக்கே போய்ச் சேர்ந்தன. வழியனுப்ப என்னோடு வந்திருந்த என் சம்சாரம் வேனிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு அந்த ஆளை அறையலாம்போல இருந்தது.

அடுத்த கோடையில் லுங்கி எடுக்கப் பொதட்டூர்பேட்டை போனோம். ஒரு தறி வீட்டு ஜன்னலோரம் அந்தக் கன்றுகளில் ஒன்று, துளிர் விட்டு நின்றது. அந்த வீட்டின் ஒரே மின்விசிறி அதன் பக்கம் திரும்பியிருந்தது. தறியில் இருந்த பெண் வேர்வையில் நனைந்திருந்தாள்.

"சாமி குடுத்ததுங்க. வாட விட மனசு வரலை" என்றாள். என் சம்சாரம் இலையைத் தடவிக்கொண்டே நின்றாள்.

நான் ஆராய்ச்சிக்காரருக்குப் போன் போட்டேன். துள்ளிக் குதித்தார். "உடனே வண்டி அனுப்பறேன். அந்தச் சூட்டுல அதை வெச்சிருக்கக்கூடாதுங்க!"

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆங், எடுத்துக்கினு போகட்டும். எங்களை எப்ப வந்து ஏத்திக்கினு போவாராம், கேளுங்க."

கேட்டேன். சிக்னல் சரியில்லை என்றார்.