ரோஸ் கிளாசில் ஒரு வாய் தண்ணி

இன்னைக்கு வெள்ளி, லீவு. ரூம்ல தனியா உக்காரப் பிடிக்காம பர் துபாய் சந்துல நடந்தேன். "பழைய அமெரிக்கக் கண்ணாடிப் பாத்திர மியூசியம், அனுமதி இலவசம்"னு ஒரு போர்டு. ஏசிக்காகத்தான் உள்ள போனேன்.

சம்பளமில்லாம அதைப் பாத்துக்கிற வயசான அமெரிக்க அம்மா மட்டும் இருந்தாங்க. பச்சைக் கிண்ணம், மஞ்சத் தட்டுன்னு ஒவ்வொண்ணா காட்டினாங்க. கடைசில அங்க வச்சிருந்த ஒரு ரோஸ் கலர் கிளாஸ்லயே தண்ணி கொடுத்தாங்க.

பழக்கதோஷம், அண்ணாந்து குடிச்சேன்.

"ஏன் வாய் வைக்கல?"ன்னு கேட்டாங்க.

"ரூம்ல எல்லாருக்கும் ஒரே கிளாஸ், மேடம். அடுத்தவங்க குடிக்கணும்ல."

வாசலையே கொஞ்ச நேரம் பாத்தாங்க.

"இங்க அடுத்த ஆள் வர மாட்டாங்க. வாய் வச்சே குடி."

குடிச்சேன்.

துபாய்ல இருக்கிற நம்ம பசங்கள்ல அடுத்த வெள்ளி அங்க யாரு போறீங்க? அண்ணாந்தே குடிங்கப்பா. பின்னாடி நான் வருவேன்.