மருந்தின் அளவு

அக்காவின் நூல் சேலையிலிருந்து வெட்டிய சின்னச் சின்னத் துணித் துண்டுகள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. லண்டன் கிங்ஸ்பரியில் அவர்கள் வீட்டின் முன்னறைக் கட்டிலில் சாய்ந்தபடி அவள் அவற்றை வெட்டி, ஒரு பிஸ்கட் டின் மூடியில் அடுக்குவாள். விரல்கள் மெலிந்து போனதால் மோதிரம் கழன்று விழாதபடி நூல் சுற்றியிருந்தது. பக்கத்தில் அத்தான் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அவருடைய துவக்குக்குத்தான் அந்தத் துணி. ஈயக் குண்டைச் சுற்றிக் குழலுக்குள் இறுக்குவதற்கு.

அத்தான் வன்னிக் காட்டோரத்தில் வளர்ந்தவர். குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுகிற பழைய துவக்கை எங்கள் பக்கத்தில் இடியன் என்போம். இளமையில் அவரிடம் ஒன்று இருந்தது. எண்பதுகளின் நடுவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்து, ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சூப்பர்வைசராக இருந்த வெள்ளைக்காரரின் தமையனுக்கு கென்ட் பக்கத்தில் பண்ணை இருந்தது. அந்தப் பண்ணைக்காரரிடம் அதே வகை ரைபிள் ஒன்று தூசி படிந்து கிடந்ததைக் கண்டதும் அத்தானுக்கு ஆசை வந்துவிட்டது. பொலிஸ் வீட்டுக்கு வந்து விசாரித்து, இரும்பு அலுமாரி பொருத்தச் சொல்லி, ஒருவழியாக அனுமதி கொடுத்தது. வாங்கிய பிறகு அதைச் சுட்டதைவிட எண்ணெய் போட்டுத் துடைத்ததுதான் அதிகம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு சாப்பாடு நின்றது. அத்தான் கஞ்சி வைத்தார், இடியப்பம் அவித்தார், ரூட்டிங்வரை போய் மீன் வாங்கி வந்தார். ஒரு கோப்பையோடு கட்டிலருகில் உட்கார்ந்தால் எழும்ப மாட்டார். ஒருநாள் அந்தக் கெஞ்சலைத் தாங்காமல் அக்கா சொன்னாள்: "ஊரிலை நீங்கள் அடிச்சுக்கொண்டு வாற முயல் எண்டால் சாப்பிடுவன்." கடையில் வாங்கிச் சமைத்துக் கொடுத்தபோது, "இது கூட்டிலை வளர்த்தது, சோப்பு மணக்குது" என்று தள்ளிவிட்டாள். அத்தான் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். திரும்பி வந்தபோது, "ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டு வா, தம்பி" என்றார்.

நான் கோலியர்ஸ் வுட்டிலிருந்து போய் அவரை ஏற்றிக்கொண்டு கென்ட்டுக்குப் போவேன். அந்த வீட்டில் அவ்வளவு நாளும் இல்லாத ஒரு வேகம் அவரிடம் வந்திருந்தது. ஆனால் துவக்கு அவர் சொல்வதைக் கேட்கவில்லை. முன்பு வைத்திருந்தவர்கள் சரியாகத் துடைக்காமல் விட்டதால் குழலின் உட்புறம் துரு தின்று சொரசொரத்திருந்தது. வைக்கோல் கட்டொன்றில் கடதாசி மட்டையைக் குத்தி வைத்துச் சுடுவார். மருந்தைக் கூட்டினால் குண்டு எங்கோ போனது. குறைத்தால் தாழ்ந்து மண்ணில் குத்தியது. சுட்டபின் புல்லில் விழுந்த துணியைத் தேடி எடுத்துப் பார்ப்பார். கருகிக் கிழிந்திருந்தால் தலையை ஆட்டுவார். அதைக் கேள்விப்பட்டுத்தான் அக்கா, தன் பழைய சேலை நெருக்கமான நெசவு, கிழியாது என்று எடுத்துக் கொடுத்தாள்.

பண்ணைக்காரர் நல்ல மனிதர். பொடி ஈயச் சன்னங்களைச் சிதறவிடும் தன்னுடைய சொட் கன்னை எடுத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் முயல் கிடைக்கும் என்றார். அத்தான் மறுத்துவிட்டார்.

"அது இறைச்சி முழுக்கச் சன்னத்தை விதைச்சுப் போடும். உன்ரை அக்காவின்ரை வாயிலை ஈயம் கடிபடக் கூடாது," என்று என்னிடம் சொன்னார். "தலையிலை ஒரு குண்டு. மருந்து கூடினால் சிதறிப் போகும். குறைஞ்சால் காயத்தோடை வளைக்குள்ளை போய்க் கிடந்து சாகும். அளவு ஒண்டு இருக்கு, தம்பி. நான் பிடிப்பன்."

இலையுதிர்காலம் இப்படியே போனது. ஒரு வார நாள், அத்தான் வேலையில் இருந்தபோது, நான் அக்காவுக்குத் துணையாக இருந்தேன். தேநீருக்கு இன்னும் சீனி போடவா என்று கேட்டேன்.

"போட்டாலும் ஒண்டுதான், போடாட்டிலும் ஒண்டுதான்," என்றாள். "எனக்கு ருசி போய்க் கனநாள். உப்பும் தெரியாது, புளியும் தெரியாது. உன்ரை அத்தானிட்டைச் சொல்லிப் போடாதை."

"அப்ப அந்த முயல்?"

"அவர் நாள் முழுக்க என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு இருக்கிறார். நான் விழுங்கிறனோ எண்டு தொண்டையைப் பாக்கிறார். என்னாலை ஏலாமல் கிடக்கு. ஞாயிறிலையாவது வெளியிலை போய், காத்துப் பட்டுக்கொண்டு வரட்டும்."

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அவரை ஏற்றிக்கொண்டு போகும்போது நான் கண்ணை வீதியிலேயே வைத்திருப்பேன். அவர் மட்டும் பேசிக்கொண்டு வருவார். ஆட்டுக் கொழுப்போடு மெழுகு சேர்த்துத் துணியில் பூசினால் நல்லது, ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலைத் துடைக்க வேண்டும், பித்தளைக் குவளையில் மருந்தைத் தட்டி அளக்கக் கூடாது என்று. சாகப் போகிறவள் ஒருத்திக்காக இவ்வளவு நம்பிக்கையோடு ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு கார் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் அறிந்தேன்.

குளிர் இறுகிய ஒரு நாள் அளவு பிடிபட்டது. மூன்று குண்டும் மட்டையில் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. ஐம்பது பென்ஸ் காசால் மூடிவிடலாம். அத்தான் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அடுத்த ஞாயிறு வேலியோரத்தில் ஒரு முயலை வீழ்த்தினார். அது துடிக்கக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து தானே உரித்து, ஊர்த்தூள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தார். அக்காவை நிமிர்த்தி இருத்தி, ஒரு சின்னத் துண்டை ஊட்டினார். அவள் அதை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அதே ருசி," என்றாள்.

அவர் இன்னும் குழம்பு எடுக்கக் குசினிக்கு ஓடினார். அவள் வாயிலிருந்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். இரண்டு வாரத்தில் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு நானும் அத்தானும் மட்டும் முன்னறையில் இருந்தோம். கட்டிலைக் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். "முதல் மாசமே அந்த அளவைப் பிடிச்சிருக்க வேணும், தம்பி," என்றார். "அப்ப அவளுக்கு விழுங்க ஏலுமாயிருந்தது. நாலு வாய் சாப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சநாள் இருந்திருப்பாள். என்ரை பிழை." இதையே அவர் அந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாரத்தை இறக்கிவைக்கலாம் என்று எண்ணி, அக்கா சொன்னதை நான் சொன்னேன். அவளுக்கு ருசி எப்போதோ போய்விட்டது, அவர் வெளியே போய் வரட்டும் என்றுதான் முயல் கேட்டாள், அவர் பிழை எதுவும் இல்லை என்று.

அவர் கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப அந்த ஞாயிறெல்லாம் நான் அவளோடை இருந்திருக்கலாம்," என்றார்.

அன்று அத்தானுக்கு இருந்த வயதை நான் கடந்துவிட்டேன், அந்த ஞாயிறுகளை இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். துவக்கை அவர் பண்ணைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். தொழிற்சாலையில் யாரும் விரும்பாத ஞாயிற்றுக்கிழமை ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓய்வு பெறும்வரை ஒரு ஞாயிறுகூட அவர் அந்த வீட்டில் இருக்கவில்லை.